மண் போட்ட தேதி

தெருவில் என் அத்தானை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஃபேன், மிக்ஸி, ஹீட்டர் இவற்றுக்கெல்லாம் டாக்டர். கடை வாசல் பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. "டாக்டர், எங்க மெஷின் தண்ணி குடிக்குது, துப்ப மாட்டேங்குது" என்று வந்து நிற்பார்கள். அவரும் முகத்தை டாக்டர் மாதிரியே வைத்துக்கொண்டு, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்பார்.

நான் அவர் மனைவியின் தங்கை. தபால் அலுவலகத்தில் கவுன்ட்டர் வேலை. இருபத்தாறு வருடமாகத் தேதி முத்திரை குத்துகிறேன். நேரம் தாண்டி வந்த கடிதத்துக்கு அன்றைய தேதி வேண்டுமென்று தலைகீழாக நின்றாலும் குத்த மாட்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தக் கதை முழுக்கத் தேதிதான். தேதி விஷயத்தில் நான் ராட்சசி. என் அக்கா அப்படி இல்லை. யார் கேட்டாலும் நாள் தள்ளிக் கொடுப்பாள். கடைசியில் அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: தன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்தபடி கண்ணை மூட வேண்டும். நாள் தள்ளிக் கொடுத்தே அதை இழந்தாள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. என் வீடு இரண்டு தெரு தள்ளி. ஆகவே மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடுங்கிக்கொண்டு காலத்தை ஓட்டினோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் அங்கேதான்.

அத்தானுக்கு ஒரு கெட்ட பழக்கம். செத்த மெஷினைப் பழைய இரும்புக்குப் போட மனசு வராது. பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவதே மேல் என்று தோன்றினால் ஜனங்கள், "நீங்களே வச்சுக்குங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்துவிடுவார். கேட்டால், "இன்னும் உசிரு இருக்குது இதுல" என்பார். கொல்லை என்ன பெரிய மைதானமா? சிமென்ட் போட்ட ஒரு சதுரம், மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் சமையலறைக் கதவு. இரண்டே வருடத்தில் அங்கே கால் வைக்க இடமில்லை. "துவைக்கிற மெஷின் அஞ்சு நிக்குது, துவைச்ச துணியைக் காயப்போட எடமில்ல" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு சாக்பீஸை எடுத்தாள். மேலே மூடி வைத்த வாஷிங் மெஷின் ஒன்று கதவை மறித்துக்கொண்டு நின்றது. அதன் பக்கவாட்டில் பெரிதாக ஒரு தேதி எழுதினாள். இருபதாம் தேதி.

"இதுதான் கெடு. அதுக்குள்ள இதை ஓட வச்சு யாருக்காவது குடுத்துடணும். இல்லன்னா இதுல மண்ணைப் போட்டுப் புதினா நட்டுடுவேன்."

அத்தான் சிரித்தார். "மெஷின்ல புதினாவா?"

"ஏன், டிரம்முல ஏற்கனவே ஓட்டை ஓட்டையாத்தானே இருக்கு? தண்ணி தானா வடியும். உங்களைவிட புதினாவுக்கு உபயோகம்."

இருபதாம் தேதி வந்தது. மெஷின் ஓடவில்லை என்று அத்தான் கையை விரித்தார். அக்கா சலித்து வைத்திருந்த மண்ணை வாளி வாளியாக அள்ளி உள்ளே கொட்டினாள். கையைத் தட்டிக்கொண்டு, "மண் போட்டாச்சு. இனி இது என்னோடது. தொடக் கூடாது" என்றாள். வெள்ளைப் பெயின்ட்டால் அன்றைய தேதியை அதன் நெற்றியில் எழுதினாள். சாக்பீஸ் அழியும், பெயின்ட் அழியாது. அதுதான் கணக்கு. கெடு சாக்பீஸில், மண் போட்ட நாள் பெயின்ட்டில்.

அன்று விளையாட்டாக ஆரம்பித்தது அந்த வீட்டுச் சட்டமாகிவிட்டது. கொல்லைக்குள் வரும் எந்த மெஷினுக்கும் அக்கா முதலில் கெடு எழுதுவாள். அத்தான் பாதி நாட்களில் பல்லைக் காட்டிக்கொண்டு வருவார். "இன்னும் பத்து நாள் குடு. கெபாசிட்டர் வரணும்." அக்கா யோசிப்பது போல நடிப்பாள். பிறகு, "சரி, அழிச்சு எழுதுங்க" என்பாள். அவர் உள்ளங்கையால் தேதியைத் தேய்த்து அழித்துவிட்டுப் புதுத் தேதி எழுதுவார். கை முழுக்க வெள்ளையாகிவிடும். அந்தக் கையோடு காபியைத் தூக்குவார். நான் திட்டுவேன். "இப்படி நாள் தள்ளிக் குடுத்தா அதுக்குப் பேரு கெடுவாக்கா?" அக்கா என்னைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அத்தான்தான் தோற்றார். தோட்டம் வளர்ந்தது. கதவைக் கழற்றி மல்லாக்கப் படுக்க வைத்த பிரிட்ஜில் கீரைப் பாத்தி. நீளவாக்கில் அறுத்த ஹீட்டர் தொட்டி இரண்டில் வெங்காயத்தாள். ஃபேன்களின் கம்பி வலைகளைச் சுவரில் வரிசையாக அடித்து அவரைக்கொடி ஏற்றியிருந்தாள். மிக்ஸி ஜார்களில் மிளகாய் நாற்று. முன்பக்கம் திறக்கிற மெஷினின் கண்ணாடிக் கதவு இருக்கிறதே, கிண்ணம் மாதிரி, அதைக் கவிழ்த்து வைத்தால் இளம் நாற்றுக்குக் குடை. ரொட்டி சுடும் டோஸ்டரில்கூட இரண்டு கள்ளிச் செடி நின்றது. மெஷினின் கழிவுநீர்க் குழாய்தான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற குழாய். நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. மாலையில் வேலை முடிந்து அதில் உட்கார்ந்தால் அக்காவுக்கு அரசாங்கமே கையில் வந்த மாதிரி இருக்கும்.

நான் அத்தானை வாரிக்கொண்டே இருப்பேன். "டாக்டர் கையில போன கேஸெல்லாம் நேரா தோட்டத்துக்குத்தான்." அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். ஊரார் வீட்டு மெஷினை அரை மணி நேரத்தில் எழுப்பி உட்கார வைக்கிற மனுஷன், சொந்தக் கொல்லையில் நிற்கிறதை மட்டும் ஏன் எழுப்ப முடியவில்லை என்று நான் ஒருநாளாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வீட்டு வேலை என்றால் எந்த ஆம்பளைக்கும் கை வராது என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள்.

அறுவை சிகிச்சை நடந்தது. மருந்து ஏற்றினார்கள், ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. முடி போனது, பசி போனது, நாக்கில் ருசி போனது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "தலைக்கு எண்ணெய்ச் செலவு மிச்சம்டி" என்பாள். மூன்றாவது சுற்று முடிந்ததும் ஆஸ்பத்திரி டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனுஷி, சுற்றி வளைக்கவில்லை. கட்டி பரவிவிட்டது. இன்னும் மருந்து ஏற்றலாம், சில வாரம் கூடக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வீட்டுக்குக் கூட்டிப்போனால் வலிக்கு மாத்திரை தருகிறேன், இருக்கிற நாளை நிம்மதியாக இருக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து படுத்ததும் அக்கா என்னிடம் சாக்பீஸ் கேட்டாள். எதற்கு என்று தெரியாமல் எடுத்துக் கொடுத்தேன். திரும்பிப் படுத்து, கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் பதினேழாம் தேதி என்று எழுதினாள். நேராக எழுத முடியவில்லை. ஏழு கோணிக்கொண்டு நின்றது.

"என்னங்க, இங்க வாங்க. இது எனக்குக் கெடு. பதினேழு வரைக்கும் நீங்க சொல்ற மருந்தெல்லாம் சாப்பிடறேன். கூப்பிடற எடத்துக்கெல்லாம் வரேன். அதுக்குள்ள சரியாகலன்னா என்னைத் தோட்டத்துல விட்டுடணும். அப்புறம் ஊசி கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டே போயிடறேன்."

"என்ன பேச்சு இது?" என்றார் அத்தான்.

"நம்ம வீட்டுச் சட்டம்தானே? நான் மட்டும் என்ன ஒசத்தி?"

அவர் எழுந்து போனார். நான் அழுதேன். அக்கா அழவில்லை. "தக்காளியில பூ வந்துருக்கு. பதினேழுக்குள்ள காய் பிடிச்சுடும், பாரு" என்று மட்டும் சொன்னாள்.

அத்தான் அந்த மூன்று வாரமும் சும்மா இருக்கவில்லை. கடையை மூடிவிட்டார். எங்கெங்கோ அலைந்தார், யார் யாரையோ கேட்டார். ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். பழைய மெஷினுக்கு உதிரி பாகம் தேடுகிற அதே அலைச்சல். எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கும், நமக்குத்தான் தெரியவில்லை என்ற அதே நம்பிக்கை.

பதினேழாம் தேதி காலை நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். நாற்காலியில் தலையணை வைத்து, வெயில் படாமல் ஒரு துணி கட்டி, எல்லாம் தயார் செய்தேன். தக்காளியில் உண்மையிலேயே காய் பிடித்திருந்தது. கோலிக்குண்டு அளவு, நான்கு. அக்காவைக் கைத்தாங்கலாக எழுப்பப்போகும்போது அத்தான் உள்ளே வந்தார். சவரம் செய்து பத்து நாள் இருக்கும். கையில் சாக்பீஸ்.

"இன்னும் ஒரு மாசம் குடு" என்றார். "புது மருந்து ஒண்ணு இருக்காம். பேசிட்டு வந்துட்டேன். நாளைக்கே படுக்கை தராங்க. ஒரே ஒரு மாசம்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மனசுக்குள் கத்தினேன், முடியாதுன்னு சொல்லுக்கா, ஒரு தடவையாவது முடியாதுன்னு சொல்லு என்று. அவள், "சரி, அழிச்சு எழுதுங்க" என்றாள்.

அவர் உள்ளங்கையால் அந்தக் கோணல் தேதியைத் தேய்த்து அழித்தார். அடுத்த மாதத் தேதியை எழுதினார். அவசரமாக வண்டிக்குச் சொல்ல ஓடினார்.

எனக்கு வந்த கோபத்தில் தலையணையைத் தூக்கித் தரையில் அடித்தேன். "உனக்குப் பைத்தியமா? வேணாம்னுதானே சொன்னே?"

"வேணாம்தான்டி. இன்னொரு ஊசி குத்துனாக்கூடத் தாங்காது எனக்கு."

"அப்புறம் ஏன் சரின்னே?"

"அவர் கையைப் பாத்தியா? சாக்பீஸ் ஆடுது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இத்தனை வருஷமா எனக்காகத் தோத்த மனுஷன்டி. ஒரு தடவை நான் தோத்தா என்ன?"

எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. பழுது பார்க்கத் தெரியாமல் தோற்றவரை எனக்காகத் தோற்றார் என்கிறாளே, பாசம் வந்தால் கண்ணும் போய்விடுமோ என்று நினைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். படுக்கைக்கு எதிரே சுவர். ஜன்னல் இருந்தது, ஆனால் அதற்கு வெளியேயும் இன்னொரு கட்டடத்தின் சுவர். புது மருந்து ஏற்றிய நான்காம் நாளே அக்காவுக்கு வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்கவில்லை. அத்தான் நாற்காலியை விட்டு எழவில்லை. சொட்டுச் சொட்டாக மருந்து இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ அளவு தப்பினால் தானே இறங்கிச் சரி செய்துவிடுவது மாதிரி.

பதினோராம் நாள். காலை பத்தரை மணி இருக்கும். வார்டில் மருந்து வைக்கிற பிரிட்ஜ் இரண்டு நாளாகக் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஆள் வரச் சொல்லி வரவில்லையாம். அத்தானின் தொழில் தெரிந்த ஒரு நர்ஸ், "ஐயா, கொஞ்சம் பாக்கறீங்களா? மருந்தெல்லாம் வீணாயிடும்" என்று கேட்டாள். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, போங்க என்பது போல இமையை அசைத்தாள். அவர் வராந்தாவின் கோடிக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் மூச்சு மாறியது. எனக்குப் புரிந்துவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டேன். அக்கா என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அவரு எங்கடி?" என்றாள்.

"பிரிட்ஜ் பாக்கறார்க்கா. கூப்பிடறேன், இரு."

"வேணாம். சரி பண்ணிடுவாரு" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

நான் வராந்தாவில் ஓடினேன். அவர் பிரிட்ஜை முன்னால் இழுத்துவிட்டு அதன் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். கையில் ஸ்க்ரூடிரைவர். அந்தப் பிரிட்ஜ் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சரி செய்து முடித்திருந்தார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் நான் அவரோடு பேசவில்லை. காரியங்களுக்கு வந்தேன், செய்ய வேண்டியதைச் செய்தேன், போய்விட்டேன். அந்தத் தெரு வழியாக நடப்பதைக்கூட நிறுத்தினேன். என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. என்றைக்காவது அவர் வந்து எதிரே நின்றால் சொல்வதற்கென்று வைத்திருந்தேன். அவளுக்கு வேண்டாமாம், உங்களுக்காகத்தான் சரி என்றாளாம், ஒரு ஊசிகூடத் தாங்காது என்று அவள் வாயாலேயே சொன்னாள். இதை மனசுக்குள் எத்தனை தடவை ஒத்திகை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. கவுன்ட்டரில் முத்திரை குத்தும்போதெல்லாம் அந்த வாக்கியம் ஓடும்.

அவர் வரவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர்தான் ஒரு சனிக்கிழமை பார்சல் அனுப்ப வந்தவர், "உங்க அத்தான் தோட்டத்தைத் தோண்டிக் கொட்டிக்கிட்டு இருக்காரே, பாத்தீங்களா?" என்றார்.

மறுநாள் காலை நான் போன வேகத்துக்குச் செருப்பு அறுந்திருக்க வேண்டும். கொல்லைக் கதவைத் தள்ளினேன். முதல் மெஷின், அந்தப் புதினா மெஷின், காலியாக நின்றது. மண் முழுக்கத் தரையில் குவிந்து கிடந்தது. புதினாவை வேரோடு எடுத்து ஈரச் சாக்கின் மேல் பரப்பியிருந்தார். அத்தான் மெஷினைச் சாய்த்துப் படுக்க வைத்து, அதன் அடியில் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"என்ன காரியம் பண்றீங்க?" என்று கத்தினேன். ஏழு மாதம் கழித்து நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு. "மண் போட்டாச்சுன்னா அவளோடது! தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காளே! அவளைத்தான் இங்க உக்கார விடல. இதையாவது விட்டு வைக்கக் கூடாதா?"

அவர் எழுந்தார். கோபப்படவில்லை. "எனக்குக் கை ஓடலம்மா" என்றார். "கடையைத் திறக்கறேன், ஸ்க்ரூவைக் கழட்டறேன், திருப்பி மாட்டத் தெரியல. நான் எதையாவது சரி பண்ணியிருக்கேனான்னே சந்தேகமா இருக்கு. அதான், இது ஒண்ணை மட்டும் ஓட வச்சுப் பாக்கலாம்னு."

"இதைத்தான் அன்னைக்கே ஓட வைக்க முடியலையே உங்களால!"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். பழைய சாமான் அறை, நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மேல் தட்டிலிருந்து துணியை விலக்கினார். அக்காவின் பழைய புடவைத் துணி. அடியில் வரிசையாக மோட்டார்கள். ஆறு மோட்டார், கடைசியில் இரண்டு பிரிட்ஜ் கம்ப்ரசர், முதலில் அவர் வெளியே மாட்டிக்கொண்டிருந்த மோட்டாரின் காலி இடம். ஒரு பொட்டுத் துரு இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் மேலும், அந்தக் காலி இடத்திலும், கடையில் ஒட்டுகிற மாதிரி ஒரு சீட்டு. அதில் அவர் கையெழுத்தில் எது எந்த மெஷினுடையது என்ற குறிப்பு, "ஓடுது" என்று ஒரு வார்த்தை, கீழே ஒரு தேதி.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் தேதி என்றால் என் கண் சும்மா இருக்காது. ஒரு சீட்டைப் படித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். மெஷின் நெற்றியில் அக்காவின் பெயின்ட் தேதியைப் பார்த்தேன். திரும்ப ஓடி வந்தேன். புதினா மெஷின் பெயின்ட்டில் இருபது, சீட்டில் ஒன்பது. கீரைப் பிரிட்ஜ் பெயின்ட்டில் நான்கு, சீட்டில் முந்தின மாதம் இருபத்தாறு. தக்காளி நிற்கிற மெஷினுக்கு மூன்று தடவை கெடு தள்ளி வாங்கினாரே, அது முதல் கெடுவுக்கு முன்னாலேயே ஓடியிருக்கிறது. ஒன்பதும் அப்படித்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"எல்லாம் ஓடுச்சா அத்தான்?" என்றேன்.

"ஓடுச்சு." அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மொதல்ல அந்தப் புதினா மெஷின். ஒன்பதாம் தேதியே ஓட வச்சுட்டேன். அவகிட்ட சொல்லலாம்னு போனா, உக்காந்து மண்ணைச் சலிச்சுக்கிட்டு இருக்கா. புதினாக் கன்னெல்லாம் வாங்கி வச்சுட்டா. ஏதோ பாட்டு வேற முணுமுணுத்துக்கிட்டு. அதைப் பாத்துட்டு எப்படிம்மா சொல்றது? மோட்டாரைக் கழட்டி வச்சுட்டு ஓடலன்னு சொல்லிட்டேன். அப்புறம் அதே பழக்கமாயிடுச்சு."

"கெபாசிட்டர் வரணும்னு நாள் கேட்டது?"

"சும்மா. உடனே தோத்தா சந்தேகப்படுவால்ல?"

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பேசிக்கொண்டே போனார், தனக்குத்தானே கணக்கு ஒப்பிக்கிற மாதிரி. "ஒன்பது மெஷின்ல தோத்துக் குடுத்தேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல. அவ கையைத் தட்டிக்கிட்டு, இனி இது என்னோடதும்பாளே, அது போதும் எனக்கு. ஒண்ணே ஒண்ணுலதான் ஜெயிக்கணும்னு நெனச்சேன்." வாயைத் துணியால் பொத்திக்கொண்டார். அந்தப் புடவைத் துணி.

எனக்காகத் தோத்த மனுஷன்டி. அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. என்றைக்குக் கண்டுபிடித்தாளோ, தெரிந்துகொண்டே ஒவ்வொரு கெடுவும் எழுதியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் யோசிப்பது போல நடித்திருக்கிறாள். அவர் தோற்றுக் கொடுத்ததற்குப் பதிலாகத்தான் பதினேழாம் தேதியைக் கொடுத்தாள். அவளிடம் கொடுக்க வேறு என்ன இருந்தது? நான்தான் அவளைக் கண் தெரியாதவள் என்று நினைத்தேன்.

அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ஏழு மாசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீ பேச மாட்டேன்னு பயந்து வரல."

"கேளுங்க."

"அன்னைக்கு அவ சரின்னு சொன்னால்ல? அது அவளாத்தானே சொன்னா? இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு அவளுக்கும் ஆசை இருந்துச்சுல்ல? நீ கூடவே இருந்தியே. அவ உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

என்னுடைய அந்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஏழு மாதம் தீட்டி வைத்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக முடுக்கத் தெரியாத அந்தக் கை, தட்டின் விளிம்பில் ஆடிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் ஆடுது என்றாளே, அந்தக் கை.

"சொன்னா அத்தான்" என்றேன். "இன்னும் ஒரு மாசம் கிடைச்சா நல்லாத்தான் இருக்கும்னு சொன்னா. உங்க மருந்து கேக்கும்னு நம்புனா."

"நெஜமாவா?"

"நான் எப்பவாவது தேதி மாத்திக் குத்தியிருக்கேனா?"

அவர் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அழ ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் அழாதவர், எடுத்துக்கொண்டு போனபோதும் அழாதவர், மோட்டார்களுக்கு முன்னால் நின்றுகொண்டு விக்கி விக்கி அழுதார். எனக்கும் அக்கா போன அன்றைக்கு வராத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. அவளுக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை. நான் என்ன பொய் சொன்னாலும் அது மாறப் போவதில்லை.

வெயில் ஏறியது. புதினா வாடத் தொடங்கியிருந்தது. நான்தான் எழுந்து, "செடி செத்துடும், வாங்க" என்றேன். அவர் மெஷினின் அடியில் பாதி மாட்டியிருந்த மோட்டாரைக் கழற்றினார். நிமிர்த்தி வைத்தோம். அவர் வாளியில் மண்ணை அள்ளிக் கொடுத்தார், நான் கொட்டினேன். புதினாவை வரிசையாக நட்டேன். அந்தக் குழாயால் தண்ணீர் ஊற்றினார். அக்காவின் பெயின்ட் தேதியில் சேறு தெறித்திருந்தது. அதைக் கட்டை விரலால் துடைத்தார்.

எல்லாம் முடிந்தும் அவர் நகரவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார், யாரோ ஏதோ சொல்லப் போகிறார்கள் என்பது போல. அக்காவின் அந்த வார்த்தைக்காகத்தான் நிற்கிறார் என்று எனக்குச் சட்டென்று விளங்கியது. சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை, அது என் பேச்சு இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே வாளியைக் கீழே வைத்தார். கையைத் தட்டிக்கொண்டார். பிரம்பு நாற்காலியின் பக்கம் திரும்பி, "மண் போட்டாச்சு. இனி உன்னோடது" என்றார். "நான் தொடல."